நாங்கள் தாரை வார்த்த எருக்கு

எருக்கம்பாலுக்கு ஒரு வாசனை உண்டு. பச்சையும் கசப்பும் கலந்து தொண்டைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிற வாசனை. கையில் பட்டால் முதலில் பிசுபிசுக்கும், காய்ந்ததும் கறுத்து நகத்தடியில் ஒட்டிக்கொள்ளும், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது. பத்து வயதில், மாசி தொடங்கி ஆவணி வரைக்கும், அந்தக் கறை படிந்த நகங்களோடுதான் நான் சோறு தின்றேன், பள்ளிக்கூடம் போனேன், பாண்டி ஆடினேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருவதற்கு முன்னால் ஓர் அலுப்புத்தான் வருகிறது.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. ஓட்டு வீடு சின்னது, அதன் பின்னால் கிடந்த இடம் பெரியது. அந்த இடத்தைத் தோட்டம் என்று சொன்னவள் அம்மா ஒருத்திதான். தெருவில் மற்ற எல்லோருக்கும் அது "பொதரு". அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. விடிந்ததும் எங்களுக்கு ஆக்கிப் போட்டு, பகலெல்லாம் அத்தனை பிள்ளைகளுக்கு அரிசி களைந்து, அண்டா தேய்த்து, வீட்டுக்கு வந்து விழுகிறவளுக்கு ரோஜாவுக்கும் குரோட்டன்ஸுக்கும் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கத் தெம்பு எங்கே இருக்கும்? அதிலும் எங்கள் ஊர் வெயில் மலையிடம் சூட்டைக் கொடுத்துவைத்துவிட்டுப் போகிற வெயில். சாயங்காலமானால் மலை அதை ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும். தெருக்குழாயில் தண்ணீர் வருவதோ ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதனால் அம்மா ஒரேயடியாக முடிவு செய்துவிட்டாள். "நான் ஊத்த மாட்டேன். இருக்கணும்னு நெனைக்கறது அதுவா இருக்கட்டும்" என்பாள்.

அப்படித் தாமாக இருந்தவைதான் எங்கள் தோட்டம். வேலியோரம் நொச்சியும் ஆடாதொடையும், அவற்றின் மேல் ஏறிப் படுத்த பிரண்டையும் முடக்கத்தானும். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும். தண்ணீரே காணாத மேட்டில் ஆவாரை, தும்பை, குப்பைமேனி. ஒன்றுகூட வாங்கியதில்லை, ஒன்றுக்கும் குழி வெட்டியதில்லை. அம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. வந்தது எதுவானாலும் ஒரு தடவை பூக்கும்வரை யாரும் தொடக்கூடாது. "இன்னாதுன்னே தெரியாம எப்பிடிப் புடுங்கறது? பூத்துட்டுப் போவட்டும்" என்பாள். பூத்த பிறகு பிடுங்குவாளா என்றால், அதற்கும் தெம்பு இருக்காது. இன்றைக்கு வேங்கிக்காலில் புதிது புதிதாக வீடு கட்டுகிறவர்கள் நாட்டுச் செடித் தோட்டம் போட ஆள் வைத்துக் கற்றுக்கொள்கிறார்கள். என் அம்மாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அலுப்பு.

அந்தச் சட்டத்தில்தான் எருக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தது. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், வெளுத்த தடித்த இலை இரண்டு ஒரு நாள் எட்டிப் பார்த்தன. ஊரில் எருக்குக்கா பஞ்சம். சுடுகாட்டுப் பாதையில், ரயில் தண்டவாளத்து ஓரத்தில், எங்கே பார்த்தாலும் எருக்குத்தான். ஆனால் குடியிருக்கிற வீட்டில் அதை யாரும் முளைக்க விட மாட்டார்கள். குழாயடிச் சண்டையில் கடைசியாக எடுக்கிற ஆயுதமே "உன் வூட்ல எருக்கு மொளைக்க!" என்பதுதான். அப்பா கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டுக்கே வராத மனிதர். அவர் அந்தச் செடியைப் பார்த்ததும் பதறிப்போனார். "எருக்கு மொளைச்ச வூடு உருப்படுமா? புடுங்கிப் போடு மொதல்ல" என்றார். அம்மா துணியைப் பிழிந்துகொண்டே, "இப்ப மட்டும் ஜாஸ்தியா உருப்பட்டுக் கெடக்குதா? பூக்கட்டும், பாக்கலாம்" என்றாள். ஒன்றரை வருஷம் கழித்து அது பூத்தது. பட்டை பட்டையாகக் கறுப்பும் மஞ்சளுமாகப் புழுக்கள் அதன் இலைகளைத் தின்றன, செம்மஞ்சள் நிறத்தில் பட்டாம்பூச்சிகளாகிப் பறந்தன. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்ட, திட்டியவர்களே வந்து பூ கேட்டார்கள். அப்புறம் யார் பிடுங்கப் போகிறார்கள்?

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் பவுனு அக்கா இருந்தாள். தாய் தகப்பன் இல்லாதவள். மாமா வீட்டில் தங்கி, ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது. ஓய்ந்த நேரத்தில் எங்கள் துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்து, எருக்க மொட்டுகளைப் பறித்துக் கட்டைவிரலால் நசுக்குவாள். மொட்டு "டப்" என்று வெடிக்கும். "ஒன்னு வெடிச்சா ஒரு கவலை போச்சுடி" என்பாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு பிரியம். கூடப்பிறந்தவன் தம்பி ஒருத்தன்தான். அக்கா என்று கூப்பிட எனக்கு அவளை விட்டால் ஆள் இல்லை.

அந்த வருஷம் தையில் அவளுக்கு மாப்பிள்ளை வந்தது. அடுத்த தெருவில் மாவு மில் வைத்திருந்தவர். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார், எந்நேரமும் புருவத்தில் மாவு படிந்திருக்கும். ஆனால் இரண்டு பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். முதலாமவள் பிரசவத்தில் போனாள். இரண்டாமவளுக்குக் காமாலை முற்றியபோது கீழாநெல்லி கேட்டு எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வந்தது. பறித்துக்கொண்டு ஓடியும் பலிக்கவில்லை. மூன்றாவதாக வருகிறவளும் தங்க மாட்டாள், அதனால் மூன்றாம் தாலியை எருக்கஞ்செடிக்குக் கட்டி அந்தத் தோஷத்தைக் கழித்துவிட்டு, நாலாவதாகப் பவுனுவுக்குக் கட்டு என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ரோட்டோரத்து எருக்கு ஆகாதாம். பெண் என்றால் அதற்கு ஒரு பிறந்த வீடு வேண்டும், தாரை வார்த்துக் கொடுக்க ஒரு தாயும் தகப்பனும் வேண்டும். ஊரிலேயே எருக்குக்குப் பிறந்த வீடாக இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான்.

பவுனு அக்காவின் மாமாவும் மில்காரரும் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து எங்கள் வீட்டில் பெண் கேட்டார்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, முறைப்படி, பாயில் உட்கார்ந்து கேட்டார்கள். அப்பா திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து நேராகப் பவுனு அக்காவின் தையல் மெஷின் பக்கம் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன்.

"உனக்கு இஷ்டமா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு. இஷ்டமில்லன்னா செடி குடுக்க மாட்டேன்னு நான் சொல்லிக்கறேன்."

"மாமா வூட்ல எனக்குப் பின்னாடி ரெண்டு பொண்ணு நிக்குது அத்தே. நான் போனாத்தானே அதுங்களுக்கு வழி" என்றாள் பவுனு அக்கா.

"நான் அதைக் கேக்கல."

"கேக்காதீங்க அத்தே" என்று சொல்லிவிட்டு அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் எங்கள் எருக்குக்குக் கல்யாணம் நடந்தது. தண்டைக் கழுவி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்பு ரவிக்கைத் துணி ஒன்றைச் சுற்றினார்கள். அதைத் தைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயுசில் அந்தச் செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாத அம்மா, அன்றைக்கு அதன் வேரில் தாரை வார்த்தாள். மில்காரர் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். அடுத்த நிமிஷமே, ஜோசியர் சொன்னபடி, ஒருவர் அரிவாளை எடுத்துத் தரையோடு ஒரே வெட்டாக வெட்டினார். பால் கொட்டியது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டத்தில் நின்ற எதிர்வீட்டு அம்மாளைக் கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "மூணாவது செத்தாத்தான் நாலாவது நிக்கும். இது செத்துடுச்சு இல்ல, இனிமே பவுனுக்கு ஒன்னும் ஆவாது." அவள் நல்லதற்குத்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

ஏனென்றால் எருக்கு சாகவில்லை. வேரோடு தோண்டாமல் வெட்டிய எருக்கு எப்படிச் சாகும்? தாலி கட்டச் சொன்ன ஜோசியருக்கும், வெட்டிய ஆளுக்கும் இது தெரியாமலா இருந்திருக்கும்? வெட்டியதோடு சாஸ்திரம் முடிந்தது, அன்றைக்கே பவுனு அக்காவுக்கும் தாலி கட்டியாயிற்று, எல்லோரும் பந்திக்குப் போய்விட்டார்கள். மாசி முதல் வாரத்தில், துவைக்கிற கல் பக்கம், வெளுத்த இலை இரண்டு மறுபடி எட்டிப் பார்த்தன. மூணாவது உயிரோடு இருக்கிறாள். அப்படியென்றால் சாகப்போவது யார்?

யாரிடமும் சொல்ல பயமாக இருந்தது. சொன்னால் பலித்துவிடும் என்று தோன்றியது. அப்பா சவரம் செய்து போட்ட பழைய பிளேடு ஒன்றை எடுத்துவந்து அந்த முளையை அறுத்தேன். ஆறு நாளில் அந்த இடத்தில் மூன்று முளை வந்தது. அறுத்தேன். வெந்நீர் ஊற்றினேன், உப்பைக் கொட்டினேன், கல்லைத் தூக்கி வைத்தேன். கல்லுக்குப் பக்கவாட்டில் வந்தது. பங்குனி, சித்திரை, அக்னி நட்சத்திர வெயிலில் ஊரே கருகிக் கிடந்தபோதுகூட அது பச்சையாக வந்து நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலை அதைப் போய்ப் பார்ப்பதுதான். ஒரு நாள் விட்டால் விரல் நீளம், இரண்டு நாள் விட்டால் சாண் நீளம். தோழிகள் விளையாடக் கூப்பிடும்போது எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது என்பேன். தண்ணீர் ஊற்றாமலேயே வளர்கிற செடியை அம்மா வளர்த்தாள். அதைக் கொல்வதற்கு நான் பட்ட பாடு, ஐயோ, ரோஜாத் தோட்டமே வைத்திருக்கலாம்.

இதற்கு நடுவில் பவுனு அக்காவுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. தெருவே சந்தோஷப்பட்டது. எனக்கோ மில்காரரின் முதல் சம்சாரம் எப்படிப் போனாள் என்பதுதான் ஞாபகத்தில் இருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை அறுத்துக்கொண்டிருந்தவள், தினமும் அறுக்க ஆரம்பித்தேன். "எந்த வூட்டு ஆடுடி இது, எருக்கைக்கூட விட்டு வெக்க மாட்டேங்குது?" என்று அம்மா ஒரு நாள் கேட்டாள். எருக்கை எந்த ஆடு தின்னும்? நான் நகங்களைப் பாவாடையில் மறைத்துக்கொண்டேன்.

ஆவணியில் அகப்பட்டுக்கொண்டேன். பிளேடால் அறுக்கும்போது பால் தெறித்தது, வியர்வையைத் துடைக்கிறேன் என்று அதே கையால் வலது கண்ணைத் தேய்த்துவிட்டேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. அம்மா குடத்துத் தண்ணீர் மொத்தத்தையும் கண்ணில் ஊற்றி, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பத்து வயதுப் பெண்ணை. கண் தப்பியது. பத்து நாள் கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தாள், ஆட்டின் கதை அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எதுக்குடி? அது உன்னை இன்னா பண்ணுச்சு?"

எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டிவிட்டு, "நான் படுத்துட்டேன், நீயாவது போயி வெட்டும்மா, பவுனு அக்கா செத்துடும்மா" என்று அழுதேன். அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "தாரை வார்த்தது நான். கேட்டா என்னை இல்ல கேக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பவுனு அக்கா வந்தாள். ஏழு மாத வயிற்றோடு கட்டிலில் உட்காரவே சிரமப்பட்டாள். அம்மா சொல்லித்தான் வந்திருக்க வேண்டும். என் ஒற்றைக் கண்ணைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

"யாருடி அவ? எனக்கு முன்னாடி அவருகிட்டத் தாலி வாங்குனவ. எனக்கு மூத்தவ. எனக்கு அக்காடி அவ. உங்க வூட்டுப் பொண்ணு வேற, உனக்கும் அக்காதான். சொந்த அக்காவ யாராவது பிளேடு போட்டு அறுப்பாங்களா?"

"அவ இருந்தா நீ செத்துடுவியே."

"எத்தினி தடவ அறுத்த? செத்தாளா அவ? அப்பிடிப்பட்டவ எனக்கு அக்காவா இருந்தா எனக்கும் கொஞ்சம் அந்தத் தெம்பு வராதா? விடுடி அவள. அவளும் இருக்கட்டும், நானும் இருக்கறேன்" என்றாள். பயம் அவளுக்கும் இருந்தது. அவள் கை ஜில்லென்று இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு நான் எருக்கைத் தொடவில்லை. அது விட்ட இடத்தைப் பிடிப்பதுபோல வளர்ந்தது. கார்த்திகையில் என் இடுப்புயரத்துக்கு வந்து மொட்டும் கட்டியது. தீபத்துக்கு முந்தின நாள் காலையில் பவுனு அக்காவுக்கு வலி கண்டது. தீபக் கூட்டத்தில் ஊரே அடைத்துக் கிடக்கிறது, ஒரு ஆட்டோ உள்ளே வர முடியாது. மாவு மூட்டை ஏற்றுகிற தள்ளுவண்டியில் படுக்க வைத்து, மில்காரரும் அம்மாவும் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் பிளேடை எடுத்துக்கொண்டு எருக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அறுக்கலாமா, வேண்டாமா? அன்று முழுக்க அதே கேள்விதான். அவளும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவள் வண்டியில் கத்திக்கொண்டு போகிறாள். அண்ணாமலையாரே, அண்ணாமலையாரே என்று சொல்லிக்கொண்டு, பிளேடைக் கீழே வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். கடைசியில் அதை வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கி எறிந்துவிட்டு, எட்டிய மொட்டுகளை ஒவ்வொன்றாக நசுக்க ஆரம்பித்தேன். டப். டப். பொழுது சாய்கிற நேரத்தில் அம்மா வந்தாள். பெண் குழந்தை என்றாள். இரண்டும் சுகம் என்றாள். அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல், ஒவ்வொரு பிள்ளையார் சதுர்த்திக்கும் பவுனு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து எருக்கம்பூ பறித்துக்கொண்டு போனாள். வந்ததும் அம்மாவிடம் கேட்கிற முதல் கேள்வி, "எங்க அக்கா எப்பிடி இருக்கறா?" மில்காரர் போனார், மில் போயிற்று, அப்பா போனார், அம்மாவும் போனாள். எருக்கு மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் நின்றது. முட்டி வலியில் பவுனு அக்காவால் நடக்க முடியாமல் போன பிறகு, அடி அண்ணாமலையில் மகள் வீட்டில் இருக்கிறவளுக்கு நான்தான் பூ கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன்.

போன வருஷம் ஆடியில், தம்பி அந்த இடம் முழுவதையும் சமப்படுத்திச் சிமெண்ட் போட்டுவிட்டான். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் கார் விட இடம் தேடி அலைகிறார்கள், சொம்மா கிடக்கிற பொதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று என்னைக் கேட்டான். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆபீஸ் விட்டு வந்த அசதியில், வருஷா வருஷம் பாம்புக்குப் பயந்து ஆள் வைத்து வெட்டிச் சலித்த எரிச்சலில், "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். அலுப்பால் வந்த தோட்டம் அலுப்பால் போயிற்று. நொச்சி போயிற்று, ஆடாதொடை போயிற்று, அந்தத் துவைக்கிற கல்லும் போயிற்று. போன வருஷம் சதுர்த்திக்கு ரோட்டோரத்து எருக்கில் பூப்பறித்துக் கொண்டுபோய், நம் வீட்டுப் பூ என்று கொடுத்தேன். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். இந்த வருஷமும் அப்படியே கொண்டுபோனேன். பவுனு அக்கா ஒரு பூவை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"எப்போடி போனா?" என்றாள்.

பொய் சொல்லத் தெம்பில்லை. "போன வருஷம் ஆடியில. தம்பி சிமெண்ட் போட்டுட்டான்க்கா."

"வெட்டுனானா, மூடுனானா?"

"மூடிட்டான்."

"அப்ப இருப்பா" என்று சொல்லிவிட்டு, ஒரு மொட்டை எடுத்து நசுக்கினாள்.

திரும்பும் வழியில், தம்பி இருக்கிற எங்கள் பழைய வீட்டுக்குப் போனேன். நேராகப் பின்பக்கம் போய், துவைக்கிற கல் இருந்த இடத்தை மனதால் அளந்து, குனிந்து, நின்றிருந்த இரண்டு கார்களுக்கு அடியிலும் பார்த்தேன். கையால் தடவியும் பார்த்தேன். ஒரு விரிசல்கூட இல்லை. தம்பி நல்ல சிமெண்ட்டாகத்தான் பார்த்து வாங்கிப் போட்டிருக்கிறான்.